வெயில் முறை

மருந்துச் சீட்டின் ஐந்தாவது வரியில்
டாக்டர் ரெஹானா எழுதியிருந்தார்: குடை.
தினமும்.
மழைக்கு அல்ல என்று வாயால் சொன்னார்.

மூணாறு தலைப்பில் லஸ்கர் நான்.
வெண்ணாறு பிரியும் இடத்தில்
இருபத்திரண்டு வருஷம்
சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
ஷட்டர் திருகைச் சுற்றியவன்.
எத்தனை அடி, எத்தனை அங்குலம்
எல்லாம் நோட்டில் ஏற்றியிருக்கிறேன்.
வெயிலை ஒருநாளும் அளந்ததில்லை.

சிறுநீரகம் சௌந்தரவல்லியுடையது.
என் தங்கை. சிறு வயதில்
அரை நெல்லிக்காய் கேட்டால்
முழுசாக வாயில் போட்டுக்கொள்வாள்.

அவளுடையதை என் உடம்பு விரட்டாதிருக்க
காலை எட்டுக்கு, ராத்திரி எட்டுக்கு மாத்திரை.
உள்ளிருக்கும் காவலாட்களை
உறங்க வைக்கும் மாத்திரை.
உறங்கட்டும்.
ஆனால் திறந்து கிடக்கும் வீட்டில்
எவனெவனோ வந்து படுக்கிறான்.

முகம் முதலில் உப்பியது.
ரேஷன் கடையில், நல்லா தேறிட்டீங்க என்றார்கள்.
பதினேழில் வராத பரு
நாற்பத்தெட்டில் முதுகு முழுக்க.
விரல் கணுவில் மரு; எண்ணி ஒன்பது.
மன்னார்குடி பஸ்ஸில் கண்டக்டர்
மீதிச் சில்லறையை
என் உள்ளங்கைக்கு நாலு விரல் மேலிருந்து போடுகிறார்.
ஒரு ரூபாய் உருண்டு போனதைக்
குனிந்து எடுத்துக் கொடுத்தது ஒரு பள்ளிக்கூடப் பெண்.
அவள் விரல் பட்டது.

பிறகு அக்கி.
வலது விலாவிலிருந்து அடிவயிறு வரை
யாரோ கொள்ளிக்கட்டையால் கோடு இழுத்தாற்போல.
பக்கிரிசாமி வேளார் காவி குழைத்து
இறகால் சிங்கம் எழுதினார்.
வால் போய் முடிந்தது
தையல் தழும்பில்.
தஞ்சாவூரில் சட்டையைத் தூக்கிப் பார்த்த டாக்டர்
திட்டவில்லை. நல்லா எழுதியிருக்காரு,
ஆனா மூணு நாள் போயிடுச்சே என்றார்.
ஊசி ஏறிய அந்த வாரம்
சிங்கம் வியர்வையில் கரைந்து
ஆஸ்பத்திரி விரிப்பில் செம்மண்ணாய்க் கிடந்தது.

இதெல்லாம் சரி. சொல்ல வந்தது காது.

இடது காதின் மேல்விளிம்பில்
நெல் உமி ஒட்டியதுபோல ஒரு சொரசொரப்பு.
கிள்ளி எறிவேன், மறுபடி வரும்.
எட்டு மாதம்.
சலூன்காரர்தான் கத்தரியை நிறுத்திக் கேட்டார்:
இது ஆறவே இல்லியேண்ணே?

துண்டு நறுக்கிக் குப்பியில் போட்டு அனுப்பினார்கள்.
பதில் ஒரே சொல்லில் வந்தது. புற்று.

கரையில் புற்றோ எலி வளையோ கண்டால்
அன்றைக்கே எழுத வேண்டும், அதுதான் என் வேலை.
கைப்பிடி மண்ணில் அடைபடுகிற ஓட்டை
விட்டால் ஊரைக் கொண்டுபோய்விடும்.
கோரையாற்றுக் கரையில் ஒன்றைக்கூட விட்டதில்லை நான்.
என் காதில் இருந்ததை
எந்த நோட்டிலும் எழுதவில்லை.

தோலோட நிக்குது என்றார் டாக்டர்.
காதில் ஒரு சுண்டுவிரல் நகம் அளவு போயிற்று.

சௌந்தரவல்லி போனில் கேட்டாள்:
என்னுது ஏதாச்சும் தப்பு பண்ணுதாண்ணே?
உன்னுது ஒழுங்கா ஓடுதுடி,
இது என் தோல், நான் காயவிட்டது என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவள்.
அப்புறம், கறுப்புக் குடை வாங்காதே,
கொக்கு பயந்துடும் என்றாள்.

இப்போது முழுக்கைச் சட்டை, மூடிய கழுத்து,
நீலக் குடை.
நடவு வயலிலிருந்து யாரோ கூவுகிறாள்:
லஸ்கரு ஊர்வலம் வர்றாரு, மேளம் எங்கடி?
நான் குடையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறேன்.

மாதம் ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு,
ரெங்கநாயகி டியூப்லைட்டின் கீழ்
என்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
எழுத நோட்டு வேறு எதற்கு?
அதே நோட்டின் கடைசிப் பக்கம்:
இடது முன்கை இரண்டு. பழையது.
பிடரி ஒன்று, கேட்க வேண்டும்.
முதுகு, இல்லை என்றாள்;
இன்னொரு தரம் பார் என்றேன்.

முன்பக்கத்தில் இன்றைய தேதி.
காலை ஆறு மணி.
தண்ணீர் கல்லணை தாண்டிவிட்டதாம்.
இங்கே இன்னும் வரவில்லை.